மாசித் தோட்டத்துப் புளித்த பியரும் சின்னண்ணை தராத கள்ளும்

போன கிழமை வெஸ்ட்கேட் கடைத்தொகுதியில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றினோம். "இந்தப் பக்கத்திலைதான் நான் முதன்முதலாப் பியர் குடிச்சனான்" என்று மகளிடம் சொன்னேன். "அம்மா, சீரியஸ்லி?" என்று பிரேக்கை அமத்தினாள். இந்தப் பதிவு அவளுக்கும், புளிப்புப் பியர் குடிக்க ஒக்லாந்தில் எங்கே போகலாம் என்று கேட்டு எழுதுகிற உங்களுக்கும்.

அது 1986, ஏப்ரல் மாதம். ஆப்பிள் பறித்து முடிகிற காலம். ஒக்லாந்தின் மறுகோடியில், பக்குரங்காவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவரோடு வேலை செய்த ஜோசப், மலேசியத் தமிழர், ஒருநாள் தேநீர் குடிக்க வந்த இடத்தில் கதையோடு கதையாக ஒன்று சொன்னார். ஒக்லாந்துக்கு மேற்கே மாசி என்கிற ஊரில் ஒரு வெள்ளைக்காரர் தன் பண்ணையில் ஈஸ்ட்டே போடாமல் பியர் செய்கிறாராம். "குடிச்சுப் பாத்தேங்க்கா. அப்படியே கள்ளு மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு போட்ட இனிப்புக் கருப்பணி, அதாவது பதநீர் மட்டும். புளித்த கள்ளு ஆண்களுக்கு. இதென்ன நியாயம் என்று சின்னண்ணையோடு சண்டை பிடிப்பேன். "நீ முதல் கம்பஸ் முடி. நானே உனக்கு ஒரு பிளா வாங்கித் தாறன்" என்பார். பிளா என்றால் பனையோலையில் மடித்த கிண்ணம். நான் கம்பஸ் படிப்பை, பல்கலைக்கழகத்தை, முடித்தேன். அவர் 1984இல் கொழும்புக்கென்று வெளிக்கிட்டவர், போய்ச் சேரவில்லை. எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வரவேண்டிய அந்த ஒரு பிளாவின் ருசியையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

என் கணவர் முட்டைகூடத் தொடாத மனிசன். "பியர் குடிக்கவோ பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போறது? சனம் அறிஞ்சால் வாயாலை சிரிக்காது" என்று புறுபுறுத்தபடிதான் காரை எடுத்தார். ஆனாலும் எடுத்தார், அதுதான் அவர்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டோம். ஜோசப் பின் சீட்டில் இருந்து வழி சொன்னார். நகரத்தைத் தாண்டி வடமேற்கு மோட்டர்வே, மொத்தம் முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணித்தியாலம் பிடித்தது. இன்றைக்குக் கடைகளாக நிற்கிற பக்கம் அன்றைக்கு ஆடுகளும் ஆப்பிள் மரங்களும்தான்.

பண்ணைக்காரர் கொட்டகையைக் காட்டினார். பார்லியை அவித்த சாற்றை அகலத் தொட்டியில் ஊற்றி, தோட்டத்துப் பக்க யன்னலை இரவு முழுக்கத் திறந்து விடுவாராம். காற்றோடு வருவதே புளிக்க வைக்குமாம். பனையில் கட்டின முட்டிக்குள் மட்டும் யார் ஈஸ்ட் போட்டார்கள்? பியர் விற்க அவருக்கு அனுமதி இல்லை. அதனால் பியர் சும்மா, ஆப்பிள் பெட்டி நாலு டொலர். வாங்காமல் வந்தால் மரியாதை இல்லை.

அவர் இரண்டு கிளாசில் ஊற்றி ஆண்கள் இருவரிடமும் நீட்டினார். என் கணவர் தன்னுடையதை வாங்கி, "எனக்கில்லை, இவவுக்கு" என்று என் கையில் தந்தார்.

வைக்கோல் நிறம், கலங்கல். ஆப்பிள் தோலின் வாசம். முதல் மிடறு நாக்கைக் கிள்ளியது, பிறகு நல்ல புளிப்பு. பிடித்திருந்தது. வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன், விழுங்கினால் முடிந்துவிடும் என்பது போல. அப்போதுதான் விளங்கியது, நான் கள்ளே குடித்ததில்லை. இது அதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஜோசப், பனங்கள்ளும் இப்பிடித்தானோ இருக்கும்?"

"எனக்குத் தெரியாதேக்கா. நாங்க எஸ்டேட்ல குடிச்சது தென்னங்கள்ளு."

"இஞ்சருங்கோ, நீங்கள் சொல்லுங்கோ" என்று கணவரைப் பார்த்தேன். பாவம், அந்த மனிசன் என் கிளாசை வாங்கி ஒரு மிடறு குடித்தார், முகம் கோணினார். "நான் எங்கையப்பா கள்ளைக் கண்டன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதுவரை வாயில் வைக்காத ஒன்றை எனக்காகக் குடித்ததற்கு அழுதேனா, சின்னண்ணைக்கு அழுதேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பண்ணை இப்போது இல்லை, தேடிப் போகாதீர்கள். நகரத்துப் பியர்க் கடைகளில் இந்த வகை கிடைக்கும். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். கார் ஓட்டுகிறவர் ஆப்பிளோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஒரே கடையில் அடுத்த வருடம் அதே ருசியை எதிர்பார்க்காதீர்கள், காற்று ஒவ்வொரு வருடமும் வேறு என்று அந்தப் பண்ணைக்காரரே சொன்னார்.

ஒரு உதவி. உங்களில் பனங்கள்ளு குடித்தவர்கள் இந்தப் பியரையும் குடித்துப் பார்த்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். அது மாதிரியா, இல்லையா? ஓம், இல்லை, அவ்வளவும் போதும். எனக்குச் சொல்ல வேண்டியவர் இன்னும் வரவில்லை.