கப்புள் காம்போவில் வந்த சட்டை

சின்னாளப்பட்டிக் கடையில் இன்று மாம்பழக் கலரில் ஒரு சுங்குடிச் சேலை பிடித்துப்போய்விட்டது.

"அது கப்புள் காம்போக்கா. சேலையும் ஆம்பளச் சட்டையும் ஒரே துணி. பிரிச்சுத் தர ஏலாது," என்றார் கடைக்காரர்.

அம்மாவும் மகளும் உடுத்தினால் ட்வின் செட்டாம். எதை எடுத்தாலும் ரெண்டு வாங்கினால் டபுள் ஆஃபராம்.

எனக்கு முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. "ஒத்த ஆளுக்கு என்னண்ணே இருக்கு?"

"கர்ச்சீப் இருக்குக்கா."

வந்த கோபத்தில் காம்போவையே வாங்கிவிட்டேன்.

வீட்டில் பையைப் பிரித்த அம்மாவுக்குச் சட்டையைக் கண்டதும் முகமே மாறிவிட்டது. காலரைத் திருப்பி சைஸ் பார்த்தார்.

"மீடியமா? ஒல்லியான பையனோ? எந்த ஊருடி?"

"எனக்குத்தாம்மா."

நம்பவில்லை. ஜீன்ஸுக்கு மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். செத்த நேரம் மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள நல்லாத்தான் இருக்காரு. இம்புட்டு நாளா வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு, ஊரெல்லாம் தேடிட்டேனே!"

ஞாயிற்றுக்கிழமை சேலையைக் கட்டிக்கொண்டால் பொண்ணும் ரெடி. மொய் எழுதுகிறவர்கள் கீழே கமெண்ட்டில் வரிசையாக வரவும்.