இறந்தோர் பட்டியலில் ஓர் உயிருள்ளவன்

உறவுகளே, உயிரோடு இருந்த ஒருவனை நான் இறந்தோர் பட்டியலில் எழுதினேன். அந்தப் பிழையிலிருந்தே என் சாட்சியைத் தொடங்குகிறேன்.

புலம்பெயர்ந்து நான் வாழும் கோலியர்ஸ் வுட்டில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவள் தெரேசா. சூடானின் நூபா மலையைச் சேர்ந்த கறுப்பினப் பெண். எங்களைப் போலக் கத்தோலிக்கர். போன செப்டெம்பரில் அவளுடைய தம்பி யோசேப்பை, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை, சந்தையில் பிடித்து லொறியில் ஏற்றிவிட்டார்கள். அங்கே உள்நாட்டு யுத்தம். படைக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

"சண்டை பெரிய ஆக்களின்ர. முன்னுக்கு நிக்கிறது எங்கட கறுப்புப் பெடியள்," என்றாள். அதன்பின் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு அந்த லொறியைத் தெரியும். எங்கள் நாட்டு யுத்தத்தில் என் அண்ணனையும் அப்படித்தான் ஏற்றினார்கள். அவன் திரும்பவில்லை.

தம்பிக்காகச் செபிக்கச் சொன்னாள். ஓம் என்றேன். செபிக்கவில்லை. வாண்டில் என்ற ஆற்றின் கரையில் நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். ஓரிடத்தில் முழந்தாளிட முடியாத பிறவி நான். கால் ஓடும், வாய் திறக்காது. நவம்பரில், இறந்த ஆன்மாக்களின் பூசைக்குப் பெயர் எழுதத் தாள் தந்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன் என்று எழுதிய கை நிற்காமல் யோசேப்பு என்றும் எழுதியது. இரக்கம் என்று நினைத்தேன். அவநம்பிக்கை, உறவுகளே, வெறும் அவநம்பிக்கை.

ஆறுதலாக இருக்கும் என்று அதைத் தெரேசாவிடம் சொன்னேன். கிழங்கு உரித்த கத்தியைக் கீழே வைத்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், எனக்குத் தமிழில் சுட்டது.

"என்ர தம்பியைப் புதைக்க உனக்கு ஆர் சொன்னது? ஆமியே சொல்லேல்லை, நீ சொல்லுறாய்! இண்டைக்கே போய் அந்தப் பேரை வெட்டு."

அன்று செவ்வாய், அந்தோனியார் நவநாள். கோவிலில் பட்டியலை வைத்திருக்கும் மரியதாஸ் அண்ணையிடம் போனேன்.

"செத்தவையின்ர லிஸ்டில இருந்து ஆளை எழுப்பிறதெண்டால் உயிர்த்த ஞாயிறு வருமட்டும் பொறுக்கவேணும், தங்கச்சி," என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் பேனையை நீட்டினார். "இந்தா, நீயே வெட்டு. பிறகு எங்க எழுதப் போறாய்?"

"உயிரோட இருக்கிறவையின்ர மன்றாட்டில, அண்ணை."

வெட்டினேன். அண்ணன் போனபின் எதுவும் கேளாத என் வாய் அன்று கேட்டது. ஆண்டவரே, அவன் கையிலிருந்து துவக்கை வாங்கும். அவன் காலுக்கு வழி காட்டும். இவனையாவது தாரும்! செவ்வாய்க்குச் செவ்வாய் தெரேசாவும் நானும் கேட்டோம். அவள் தன் மொழியில், நான் தமிழில், ஒரே செபமாலையின் இரண்டு பக்கமும் பிடித்தபடி.

பதினொராவது செவ்வாய், மத்தியானச் சாப்பாடு பரிமாறும் நேரம், தெரேசாவின் போன் அடித்தது. அவள் போட்ட கூச்சலில் நெருப்புப் பிடித்துவிட்டதென்று மனேஜர் ஓடி வந்தார். யோசேப்பு! பயிற்சி முகாமிலிருந்து மூன்று பேரோடு நழுவி, இரவும் பகலும் நடந்து, எல்லை கடந்து, அகதி முகாமில் நிற்கிறான். ஒரு வெடிகூடச் சுடவில்லை.

அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, போனை என் காதில் வைத்தாள்.

"அக்கா, என்னைச் சாகடிச்சு எழுப்பின ஆள் நீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தான். நான் அழுதேன். மனேஜரும் அழுதார்.

இறந்தவன் என்று நானே எழுதிய அண்ணனைப் பற்றி ஆண்டவர் இன்னும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்தி வராத ஒருவர் இருப்பார். அவருக்கு நீங்களாக முடிவு எழுதாதீர்கள். கூச்சப்படாமல், பெரிதாகக் கேளுங்கள். முகாமில் ஒரு மரத்தடியில் யோசேப்பு பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறான். ஆண்டவருக்கு நன்றி!