அம்மா மட்டும் பார்க்கப் போட்ட ஸ்டேட்டஸ்

கொழும்பு அறையில் நூடில்ஸ் அவித்துச் சாப்பிட்ட அன்று, பொழுது போகாமல் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். மத்தியானம் பார்த்தால், பார்த்தவர்களில் அம்மா! ஒரு வாரமாக என் அழைப்பை எடுக்காத அம்மா. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பேசத்தான் மாட்டார், பார்ப்பார்.

கோபம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு கேட்கத் தயங்கி, இந்த வருஷம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கே வேலை செய்தாலும் தேருக்கு லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். தேர் வரும்போது எல்லா வாசலிலும் பிள்ளைகள் நிற்க, தன் வாசலில் மட்டும் யாரும் இல்லாததை அம்மாவால் தாங்க முடியாது.

மறுநாளிலிருந்து அம்மா மட்டும் பார்க்கும்படி அமைத்து ஸ்டேட்டஸ் போட்டேன். நானே தைத்த சட்டைப் பொத்தான். மழையில் நனைந்த செருப்பு. எங்கள் மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மத்தியான நிறுவைக்கு வந்ததும் அம்மா பார்ப்பார். பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

நேற்று அம்மாவே ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். எழுத வராது, அதனால் குரல்.

"ஏ புள்ள, தேருக்கு வந்தா வா, வராட்டி போ. ஒனக்குன்னு ரொட்டியும் கட்டசம்பலும் செஞ்சு வைக்கப்போறேன். அத யாரு திங்கிறது?"

ஸ்டேட்டஸ் என்பது எங்கள் இருவருக்குள் ஓடுவது என்றே நினைத்திருக்கிறார். அது ஊருக்கே போய்விட்டது. நான் வராவிட்டால் ரொட்டியைக் கொழுந்தெடுக்கிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று கங்காணி மிரட்டினார். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா அழுகிற முகங்களாக அனுப்பித் தள்ளினார். கடை நானா மட்டும் குரலில் சொன்னார்:

"தங்கச்சி, அம்மா நேத்தே மாவு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அதைக் கேட்டதும் எழுந்துபோய் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

யார் பார்க்கலாம் என்று மாற்றும் வித்தையை அம்மாவுக்குச் சொல்லித்தரப்போவதில்லை. நாளைக்கு எங்கள் மலைப்பக்கம் போகும் நானுஓயா ரயிலில் ஏறியதும் நானும் குரலில்தான் போடுவேன், யாரிடமும் மறைக்காமல். நிறுவை நேரத்தில் மடுவமே கேட்கட்டும். இப்போதே இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். "அம்மா" என்பதோடு நிறுத்தி அழித்துவிட்டேன். ரயிலில் மறுபடி முயல வேண்டும்.