மஞ்சள் மண்ணில் நான் கொட்டச் சொன்ன சுண்ணாம்பு

கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்த தெனாவெட்டில் நான் சொன்ன ஒரு யோசனை, எங்கள் தோட்டத்து ஆட்களின் குடிதண்ணீரில் விஷம் கலக்கப் பார்த்தது.

போடிமெட்டுக்கு மேலே சித்தப்பாவின் ஏலத்தோட்டம். ஜீப்புப் பாதைக்காக அங்கே சரிவை வெட்டியிருந்தார்கள். ஒரு மழைக்காலம் போனதும் வெட்டிய பாறையில் நீர் கசிந்து, மஞ்சளை அரைத்து அப்பியது போலப் படலம் கட்டியது. அதற்கு நாலு எட்டு கீழே ஊற்றுக்குழி. வேலைக்கு வரும் பெண்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

கசிவில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். நல்ல புளிப்பு. ஊற்றில் புளிப்பு இல்லை; 'நல்ல தண்ணிதான், குடிங்க' என்று பெண்களிடம் சொல்லிவைத்தேன்.

"அமிலம் சித்தப்பா. ஊத்துல எறங்குறதுக்குள்ள ரெண்டு மூட்டை சுண்ணாம்பக் கொட்டுங்க, சரியாயிரும்."

அவரும் யோசிக்கவில்லை. மண் புளித்தால் சுண்ணாம்பு, அதுதான் எங்கள் மலையில் வழக்கம். நான் கெத்துக்காக ஒரு பிடி மஞ்சள் மண்ணையும் ஒரு பாட்டில் ஊற்றுத் தண்ணீரையும் மதுரையில் லேபில் இருக்கும் நண்பனிடம் கொடுத்துவைத்தேன்.

பத்து நாள் கழித்து, போடி வீட்டில் இட்லியில் கை வைக்கும்போது அவன் அழைத்தான்.

"மாப்ளே, அந்த மஞ்ச மண்ணு ஜாரோசைட்டுங்கற தாது. உள்ள ஈயம் இருக்கு, ஆர்சனிக்கும் இருக்கு."

"தண்ணியில?"

"தண்ணி சுத்தம். அதான்டா விசயமே. இரும்போட சேந்து படிகமாகும்போதே அந்தக் கழிசடையெல்லாம் உள்ள இழுத்துப் பூட்டிருச்சு. புளிப்பு இருக்க வரைக்கும் கம்முனு கெடக்கும். சுண்ணாம்பு கிண்ணாம்பு போட்டுறாதீங்கடா. படிகம் ஒடஞ்சா புடிச்சு வச்சதையெல்லாம் தண்ணியில விட்டாலும் விட்டுரும்."

இட்லியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அன்று விடிந்ததும்தான் சித்தப்பா ஆட்களோடு சுண்ணாம்பு மூட்டைகளையும் ஜீப்பில் ஏற்றிப் போயிருந்தார். போன் போட்டேன். மலையில் டவர் எங்கே இருக்கிறது? பைக்கை எடுத்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே ஒரு லோடு ஜீப்பு. மேலே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மழை முந்திவிட்டால் சுண்ணாம்பு கரைந்து உள்ளே போய்விடும்.

போய்ச் சேர்ந்தபோது மஞ்சளின் மேல் அரை மூட்டை வெள்ளை கிடந்தது. சித்தப்பா மீதியைச் சரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க சித்தப்பா!"

"என்னடா, பேய் வெரட்டுதா? நீ சொன்ன சோலியத்தான பாக்குறேன்."

"நான் சொன்னது தப்பு."

அவர் கை அப்படியே நின்றது. என் வாயில் அந்த வார்த்தையை அவர் கேட்டதே கிடையாது.

ஊற்றுக்குழியில் ஒரு அக்கா குடத்தை முக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, அதக் கொட்டிருங்க" என்று கத்தினேன்.

"நல்ல தண்ணின்னு போன வாரம் நீங்கதான தம்பி சொன்னீக? படிச்சவுக வாரம் ஒண்ணு சொல்லுவீக, நாங்க குடத்தத் தூக்கிட்டு அலையணும்."

சொல்லிக்கொண்டே குடத்தைக் கவிழ்த்தார். முதல் தூறல் விழுந்தது. "வெரசா அள்ளுங்க, மஞ்சளச் சொரண்டிறாதீங்க!" ஆளாளுக்குத் தகரத்துண்டால் வெள்ளையை மட்டும் வழித்துச் சாக்கில் கட்டினோம். வெட்டுமுகத்தின் மேல் படுதாவைப் போர்த்திக் கல் வைத்தோம். கசிவு ஊற்றுக்கு வராமல் பக்கத்தில் வாய்க்கால் கீறினோம். முடித்து நிமிர்ந்தபோது மழை கொட்டியது. என் கையெல்லாம் சுண்ணாம்பு எரிச்சல்.

அதற்குப் பிறகு, எங்கள் ஊற்று சோதனையில் தேறும்வரை, மேல் தோட்டத்து ஊற்றிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் சுமந்தது நான்தான். மூன்று முறை பாட்டில் மதுரைக்குப் போனது. மூன்று முறையும் சுத்தம் என்றே வந்தது. மூன்றாவது ரிப்போர்ட்டைப் போனில் நீட்டியபோது அந்த அக்கா அதைப் பார்க்கவே இல்லை. ஊற்றில் ஒரு சொம்பு மொண்டு என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல குடிங்க தம்பி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அதன் பிறகுதான் அவர் குடத்தைத் தண்ணீரில் சாய்த்தார்.