மூக்குத்திப் புயல்

"காற்று நின்றுவிட்டது. கல் சுவருக்குக் கிழக்கே மணல் இடுப்பளவு இறங்கியிருக்கிறது. கிணற்று உறைகள் தெரிகின்றன. அண்ணி செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டார்."

புயல் போன மறுநாள் காலை, காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. முன்பக்கத்தில் தேதி, திதி, ராகு காலம் எல்லாம் அச்சாகியிருப்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். நடந்ததை அன்றே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதினால் அதில் பாதி நாமாகச் சேர்த்ததாக இருக்கும்.

அந்தப் புயலுக்கு ஏதோ ஒரு நாட்டில் யாரோ வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்களைக் கேட்டு வைத்ததல்ல. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையோரம், கல் சுவரை ஒட்டி வாழ்கிற எங்களுக்கு அது மூக்குத்திப் புயல். நானும் அந்தப் பெயரையே எழுதுகிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது கடல். அங்கே எங்கள் தெரு இருந்தது. துறைமுகச் சுவர் மணலை மறிக்கிறது, தெற்கே சேர்கிறது, வடக்கே குறைகிறது என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். தெற்கே சேர்ந்த மணலில் மக்கள் சுண்டல் சாப்பிடுகிறார்கள். வடக்கே குறைந்த மணலில் எங்கள் வீடு இருந்தது. புத்தகத்தில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன.

புயலுக்குப் பிறகு கடல் கொஞ்ச நேரம் உள்வாங்கி நிற்கும்போது மணல் வழித்துக்கொண்டு போயிருக்கும். அடியில் கிடந்ததெல்லாம் மேலே வரும். செப்புக் காசு, கொலுசுத் துண்டு, மாசி மகத்துக்குக் குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரம், எங்கள் வீடுகளின் அம்மிக்கல். குப்பத்து ஜனமெல்லாம் இறங்கித் தேடும். மைக் பிடித்த ஒரு பெண் ஒருமுறை என்னிடம், "புதையல் எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்டாள். நீ உன் வீட்டு அலமாரியைத் திறந்தால் அது புதையலா என்று திருப்பிக் கேட்டேன். அதை அவர்கள் ஒளிபரப்பவில்லை.

அண்ணி தேடியது ஒரு மூக்குத்தி. அவருடைய அம்மா போட்டு அனுப்பியது.

அண்ணி கல்யாணமாகி வந்த வருஷம்தான், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா அந்த வீட்டைக் கட்டினார். நான் அப்போது கைக்குழந்தை. வாசலுக்கு நிலை நிறுத்தும்போது அதன் அடியில் ஒரு பொட்டுத் தங்கம் வைக்க வேண்டும் என்பது வழக்கம். சிமெண்டும் செங்கல்லும் வாங்கியதில் நைனாவிடம் தங்கம் என்று எதுவும் மிஞ்சவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. புது மருமகள் மூக்கிலிருந்து கழற்றிக் கொடுத்தார். வேறு வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் அன்றைக்கே சொன்னார். கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார்.

அண்ணி மட்டும் மூக்கு ஓட்டையைத் தூர்ந்துபோக விடவில்லை. துடைப்பத்து ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொள்வார். குளிக்கும்போது மாற்றுவார். வீடு இடிந்து அலையோடு போன பிறகும், அண்ணன் போன பிறகும், எழுபதை ஒட்டிய இந்த வயதிலும் அந்த ஈர்க்கு இருந்தது. இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று நான் கேட்டால், "இன்னொண்ணு எதுக்கு? என்னது எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்" என்பார்.

அன்றைக்குக் காலை உறைகள் வெளியே தெரிந்ததும் எனக்கும் தெம்பு வந்தது. மணல் போய்விட்டால் கிணறுகள் சிமெண்ட் புகைபோக்கிகள் மாதிரி தனியாக நிற்கும். எங்கள் கிணற்றைக் கண்டுபிடிப்பது எளிது. மேல் உறையில், சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது அண்ணன் ஒரு சங்கை அழுத்திப் பதித்திருந்தார். சங்கு போய்விட்டது. அந்தக் குழி அப்படியே இருந்தது. அண்ணி குழியில் விரலை வைத்துப் பார்த்தார்.

"வாசல் இப்படித்தான் இருந்தது, மேற்கே" என்று நான் இடம் காட்டினேன். இருவரும் தோண்டினோம்.

சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, கல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீடு கட்டியபோது நிலையைத் தூக்கிப் பிடித்தவர் அவர்.

"இன்னாம்மே தோண்டினுகீறே?" என்றார் அண்ணியிடம். "நிலைக்கு வெச்சத எடுக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

"நிலை கொடுங்கையூர்ல எவன் வூட்டுலயோ கதவு தூக்கினு நிக்குது மாமா" என்றார் அண்ணி, நிமிராமல். "நீதான வித்தே. மூக்குத்தி மட்டும் இங்க கடலுக்கு இன்னாத்துக்குக் காவல் இருக்கணும்?"

"சரி, எடுத்து இன்னா பண்ணப் போற? அவனும் இல்ல. இந்த வயசுல மூக்குத்தி எதுக்கு?"

அண்ணி அப்போதுதான் நிமிர்ந்தார். "உன் அண்ணன் புள்ள எனக்குப் போட்டது தாலி. அத அவுத்துக் குடுத்துட்டேன், எல்லாரும் பாத்தீங்க. மூக்குத்தி எங்கம்மா போட்டது. அதுல உனக்கு இன்னா பேச்சு?"

சித்தப்பா பீடியைப் பற்றவைக்க முயன்றார். காற்றே இல்லை, ஆனாலும் தீக்குச்சி நாலைந்து அணைந்தது.

நாங்கள் தோண்டிய பள்ளத்தில் செங்கல் துண்டும் ஒரு எவர்சில்வர் ஸ்பூனும் கிடைத்தன. தண்ணீர் ஊறி ஊறிப் பள்ளம் சரிந்தது. தூரத்தில் அலை மறுபடி எழும்ப ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான், பிறகு மணலைக் கொண்டுவந்து மூடிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த புயலுக்கு அண்ணியால் இப்படிக் குனிய முடியுமா என்று நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கினாலும் தோண்டுவதை நிறுத்தவில்லை.

அப்போது கிணற்றுக்குக் கிழக்கே இருந்து குரல் வந்தது. "கையில ஒண்ணு கீது."

எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. எதையாவது கண்டெடுத்தவர் அதை யாருக்கும் காட்டாமல் கையை மூடிக்கொண்டு இப்படிக் கூவ வேண்டும். தன்னுடையது என்று நினைப்பவர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். பொருந்தினால் கை திறக்கும். யாரும் வராவிட்டால் எடுத்தவருக்கே. இதற்குக் காவல் நிலையமும் கிடையாது, ரசீதும் கிடையாது. இது மீறப்பட்டு நான் பார்த்ததில்லை.

கூவியவர் பழைய தெருவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். அண்ணியும் அவரும் ஒரு தண்ணீர்க் குழாய்ச் சண்டையிலிருந்து பேசிக்கொள்வதில்லை. அந்தக் குழாயையும் கடல் கொண்டுபோய்விட்டது. சண்டை மட்டும் கரையேறி வந்துவிட்டது.

அண்ணி எழுந்து போய் அவர் எதிரில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"மூக்குத்தி" என்றார் அண்ணி. "பூ மாதிரி. நடுக்கல்லு செவப்பு. ஒரு எதழு வளைஞ்சி இருக்கும். சின்ன வயசுல கடிச்சிட்டேன்."

கை திறந்தது. பூ மாதிரி ஒரு மூக்குத்திதான். கல் ஒன்றுகூட இல்லை. திருகாணி இல்லை. உப்பும் மணலும் அரைத்ததில் ஐந்து இதழும் வளைந்திருந்தன.

எங்கள் முறையில் இதற்கு வழி இல்லை. எதிர்வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணி மூக்கிலிருந்த ஈர்க்கையும் பார்த்தார்.

"எல்லா எதழும் வளைஞ்சி கீது" என்றார். "அதுல ஒண்ணு உன்னோடது. எட்த்துக்கோ."

அண்ணி வாங்கிக்கொண்டார். "குழாய் விஷயம் வேற" என்றார்.

"அது வேறதான்" என்றார் அவர்.

சுவருக்குக் கல் கொட்டும் கான்ட்ராக்டரின் காவலாளி அதற்குள் விசிலை ஊதிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். நடுத்தர வயது, வெளியூர்க்காரர்.

"கரையில எடுக்கிற பொருளை எங்க சூப்பர்வைசர்கிட்ட ஒப்படைக்கணும். இது தடை செய்யப்பட்ட இடம்."

"யாரு தடை பண்ணது?" என்றார் அண்ணி.

"ஆர்டர் அம்மா. இங்க பொதுமக்கள் வரக் கூடாது."

அண்ணி கிணற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மனசுக்குள் ஏதோ அளந்தார். பிறகு மிகவும் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, நீ நிக்கிற எடம் எங்க சாமி ரூமு. மொதல்ல செருப்ப கழட்டு."

அவர் கீழே பார்த்தார். ஈர மணலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்.

"அது அடுப்படி" என்றார் எதிர்வீட்டுக்காரர், பின்னாலிருந்து.

ஜனம் சிரித்தது. காவலாளியும் கொஞ்சம் சிரித்துவிட்டார். அவர் மறுபடி விசிலை எடுப்பதற்குள் அலை வந்து எல்லோரையும் சுவருக்கு ஏற்றிவிட்டது. மூக்குத்தியை யாரும் எந்தச் சூப்பர்வைசரிடமும் கொடுக்கவில்லை. இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்தியது வேறு. நாங்கள் தோண்டியது கிணற்றுக்கு மேற்கே. மூக்குத்தி கிடைத்தது கிழக்கே. சுவர் மேல் உட்கார்ந்து கால் மணலைத் தட்டிக்கொண்டே இதைச் சொன்னேன்.

அண்ணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ வளந்த வூடே உனக்குத் தெரியலியே. மொதல்ல வாசல் கடலப் பாத்துதான் இருந்துச்சி. அலை உள்ள வர ஆரம்பிச்சப்புறம்தான் நிலைய பேத்து ரோட்டுப் பக்கம் திருப்பினாங்க."

அதுதான் என் தப்பு. எனக்கு நினைவு தெரிந்த வாசல், இரண்டாவது வாசல். கடலுக்கு முதுகு காட்டித் திருப்பிய வீட்டையே எங்கள் வீடு என்று இத்தனை காலம் எழுதி வந்திருக்கிறேன்.

"அப்போ நிலையைத் திருப்பும்போது அடியில இருந்த தங்கத்தையும் மாத்தியிருப்பாங்களே?" என்றேன்.

"மாத்தாம?" என்றார் சித்தப்பா. "நான்தான் என் கையால எட்த்து புது எடத்துல வெச்சேன். கெயக்க கெடச்சது எப்படி இவளோடதாவும்?"

அண்ணி திரும்பினார். "நீ எட்த்தியா மாமா?"

"ஆமா."

"நிலைக்கு வெச்சத எடுக்கக் கூடாதுன்னு இப்பதான சொன்ன? குடும்பத்துக்கு ஆவாதுன்னு?"

சித்தப்பா மடியில் பீடியைத் தேடினார். "எட்த்தேனா, இல்லியா... ஞாபகம் சரியா இல்ல" என்றார்.

ராயபுரத்தில் எங்களுக்குத் தெரிந்த நகை ஆசாரியிடம் காட்டினால் பழைய வேலையா என்று சொல்வார் என்றேன். "ஆசாரிக்கு என் மூக்கு தெரியுமா?" என்றார் அண்ணி. அவரிடம் போனது புதுத் திருகாணி போட மட்டும்தான். கல் வைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். ஐந்து இதழும் வளைந்த, கல்லில்லாத அந்த மூக்குத்தியோடு அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பார்த்தவர்கள் பார்த்தார்கள். பின்னால் பேசியவர்கள் பேசினார்கள். அவர் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினார்.

நான் என் குறிப்பை முடிக்க வேண்டும். நைனா இல்லை, அண்ணன் இல்லை. சித்தப்பா இரண்டு விதமாகவும் சொல்லிவிட்டார். எதையும் திரும்பக் கேட்டால் பீடியைத் தேடுகிறார். நிலையைத் திருப்பியபோது அதனடியில் இருந்த மூக்குத்தியை எடுத்து மாற்றினார்களா, பழைய இடத்திலேயே விட்டார்களா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. மாற்றியிருந்தால், அண்ணி மூக்கில் இருப்பது வேறு யாருடையதோ. உறுதியாகவில்லை என்றே எழுதி வைக்கிறேன். ஈர்க்கைத் தூக்கிப் போட்டாயிற்று.