பைஸ்டாண்டர் யாரு?

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேத் லேபில் இருபத்தாறு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். இதய ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி அடைப்பைத் திரையில் பார்க்கும், அதாவது ஆஞ்சியோ செய்யும், அறை அது. அங்கே நான் அதிகம் கேட்ட கேள்வி, "பைஸ்டாண்டர் யாரு?" என்பதுதான். கூட வந்த ஆள் கையெழுத்துப் போடாமல் ஆஞ்சியோ கிடையாது.

1. திங்கட்கிழமை வாங்க

கோட்டாறில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் காக்கா தனியாக வந்தார்; அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பதினைந்து வருஷச் சர்க்கரை, விடாத சிகரெட், பிரஷர் மாத்திரையைத் தானே நிறுத்திய சாமர்த்தியம். அவருடைய வாப்பாவும் நெஞ்சுவலியில் போனவர். படியேறினால் நெஞ்சைப் பிடிக்கும்; கேஸ் என்று சோடா குடித்திருக்கிறார்.

"ஒப்பு போட ஆளு எங்க காக்கா?"

"பொஞ்சாதி மவுத்தாயாச்சு. மக்க ரெண்டும் துபாயில. யாருட்ட போயி கேக்க மக்கா?"

"யாரையாவது கூட்டிட்டு திங்கக்கிழம வாங்க."

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குச் சட்டம் பேசத்தான் தெரிந்தது.

கொழுப்பு ரத்தக்குழாயின் உட்சுவரில் இளவயதிலேயே படியத் தொடங்கும். சர்க்கரையும் புகையும் பிரஷரும் சுவரைப் புண்ணாக்கப் புண்ணாக்க அது தடிக்கும். பாதிக்கு மேல் அடைகிறவரை பெரும்பாலும் வலியே இருக்காது. ஒருநாள் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் மூடிக்கொள்ளும். திங்கட்கிழமையெல்லாம் அதற்குத் தெரியாது.

திங்களன்று அவர் வரவில்லை. புதன்கிழமை ஓர் ஆட்டோக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவசரம் என்பதால் டாக்டர்களே கையெழுத்துப் போட்டு, அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

"இப்ப ஆளு வேண்டாமா மக்கா?" என்று டேபிளில் கிடந்தபடி கேட்டார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது. கடையை மூடினார்.

2. என் முறை

ஓய்வு பெற்றபின் எனக்கும் படியில் நெஞ்சு பிடித்தது. மனைவி இல்லை, மகள் கனடாவில். ஆஞ்சியோ சீட்டை மூன்று மாதம் பீரோவில் வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்த நானும் கேஸ் என்றே சொல்லிக்கொண்டேன். ஊசிக்குப் பயமில்லை. பேச்சுத்துணைக்கே ஆளில்லாதவன் கையெழுத்துக்கு யாரிடம் போய் நிற்பது என்ற வெட்கம்.

கடைசியில் கோட்டாறுக்குப் போய் காக்காவிடம் கேட்டேன்.

"இதுக்கா மூணு மாசம் இருந்தீரு?" என்று வைதார். மறுநாள் நின்று நின்று நடந்து வந்தார். படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, "நான் ஒமக்கு யாரு?" என்றார்.

"நான் திருப்பி அனுப்பின ஆளுன்னு எழுதுங்க காக்கா."

அவர் 'அண்ணன்' என்று எழுதினார்.

கேத் லேபுக்கு வேலைக்கு வருகிறவர்களே, தனியாக வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு பிடிக்கிறவர்களே, வெட்கப்படாமல் ஆளைக் கேளுங்கள். எனக்கு இரண்டு அடைப்பு இருந்தது.