சித்தப்பா கேதத்தில் அப்பா அழுதார்

இந்தக் கட்டுரையை அச்சகத்தில் கொடுத்தபோது, அச்சகத்துத் தம்பி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, நினைவு மலர்ல இப்படியெல்லாம் போடுவாகளா? நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்களேன்" என்றார். "நல்ல வார்த்தைய எங்கப்பா இருந்தப்பல்ல சொல்லியிருக்கணும்? ஒரு எழுத்து மாத்தாமப் போடுங்க" என்றேன். இந்த முதல் பத்தியை மட்டும் அங்கேயே உட்கார்ந்து எழுதிச் சேர்த்தேன். ஆகவே, முதலாம் ஆண்டு நினைவு நாளில் இதைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, உங்களில் சிலருக்கு இது கசக்கும். நன்றாகக் கசக்கட்டும்.

எங்கள் அப்பா ஓடைப்பட்டியில் பிறந்தார். தாத்தா காலமானபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது, சித்தப்பாவுக்கு ஐந்து. அன்றோடு அப்பாவின் படிப்பு நின்றது. அடுத்தவர் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டப் போனார். தம்பியாவது படிக்கட்டும் என்று, அவர் கொஞ்சம் வளர்ந்ததும் ராயப்பன்பட்டியில் விடுதியில் சேர்த்தார். ஞாயிறுதோறும் தூக்குச்சட்டியில் கறிக்குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். தம்பி தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்புவார். இதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சித்தப்பாதான் சொல்வார். சித்தப்பா லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலைக்குப் போனார். அப்பா ஓர் ஏக்கரில் சொந்தத் தோட்டம் போட்டு, என்னை டீச்சர் ஆக்கினார்.

அப்பாவின் மூக்கைப் பற்றி ஓடைப்பட்டியே பேசும். திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்ததும், "இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்" என்பார். இல்லையென்றால் "நாளைக்கே வெட்டிரு" என்பார். பழத்தின் வாசத்திலேயே தெரிந்துவிடும். அந்த மூக்குத்தான் முதலில் போனது. மருந்து அடித்து ஈரம்கூடக் காயாத பந்தலுக்குள் ஒருநாள் மூக்கில் துணிகூடக் கட்டாமல் நுழைந்துவிட்டார். "ஏங்க, இம்புட்டு நெடி அடிக்குது, தெரியலையாக்கும்?" என்று அம்மா கத்தினார். "என்ன நெடி?" என்று அப்பா கேட்டார். நாங்கள் சிரித்தோம். பிறகு பால் தீய்ந்தாலும் தெரியவில்லை. குரல் தாழ்ந்தது, வலது கை லேசாக நடுங்கியது. வயசாயிருச்சு என்று விட்டுவிட்டோம்.

அப்படியிருக்கும்போதுதான் சித்தப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எங்கள் பக்கம் கேதத்தில் ஆண்களும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுவார்கள். கூடப்பிறந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். அப்பா தம்பியின் தலைமாட்டில் போய் நின்றார். முகம் அசையவில்லை, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. சித்தி மாரில் அடித்துக்கொண்டே எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "பாருங்க எல்லாரும்! கூடப்பொறந்தவுக செத்துக் கெடக்காக, கல்லு கணக்கா நிக்கிறாகளே! எப்படா போவான்னு இருந்தாகளாக்கும்!" பங்காளிகள் ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நானும் கேட்டேன். "ஏம்ப்பா, ஒரு சொட்டு அழுதிருக்கக் கூடாதா? ஊரே பேசுதே."

"அழுதுக்கிட்டுத்தானே ஆத்தா நின்னேன்" என்றார் அப்பா.

நான் நம்பவில்லை. பெற்ற மகள் நம்பவில்லை. இதையும் எழுதிவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றி எழுத வேண்டும்.

அடுத்த ஆவணியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் பெரியப்பாதான். அதற்காக அப்பா புது வேட்டி எடுத்து வைத்திருந்தார். மணவறையில் சித்தியின் அண்ணன் போய் உட்கார்ந்தார். அப்பாவுக்கு மண்டபத்தில் நாலாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மணப்பெண்ணான தங்கச்சி காலில் விழ வந்தபோது, அட்சதை எடுத்த கை நடுங்கி அரிசி முழுவதும் தரையில் கொட்டியது. "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டாக போல" என்று பின்னால் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். எங்கப்பா கள்ளைக்கூட நாக்கில் வைத்தவர் இல்லை. அப்படிச் சொன்னவரின் சட்டை நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. இன்றைக்கும் வந்திருப்பார், பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவார்.

மறுவாரமே தேனியில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். அப்பாவை நடக்கவிட்டு, விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தவர், "வாசனை எப்பலேர்ந்து தெரியல?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயது ஏற ஏற, மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் எல்லோருக்குமே கொஞ்சம் குறையுமாம். அப்பாவுக்கு அதைச் சுரக்கும் செல்களே மளமளவென்று அழிந்திருக்கின்றன. பார்க்கின்சன் என்றார். பலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்கு போய்விடுமாம். கேதத்தில் அப்பா நின்ற விதத்தைச் சொன்னேன். "மனசுல துக்கம் முழுசா இருக்கும்மா. அத வெளிய காட்ட முகத்துத் தசை அசையாது. கண்ணு சிமிட்டுறதும் கண்ணீரும்கூடக் கொறைஞ்சிடும்" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நேராகச் சித்தி வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். "டாக்டருகிட்ட கேட்டா, கேட்டத எழுதிக் குடுப்பாக" என்று சீட்டை என் மடியில் போட்டார். அன்றே பங்காளிகளைக் கூட்டிவைத்து நாறடித்திருப்பேன். அப்பா விடவில்லை. "புருசன் இல்லாதவ, பாவம். விட்ரு ஆத்தா" என்றார். அவர் இருந்தவரை விட்டேன்.

கடைசி மூன்று வருடம், மாத்திரை நேரம் தவறினால் அப்பாவால் புரண்டு படுக்கவும் முடியாது. ருசி தெரியாவிட்டாலும் அம்மா மனம் நோகக்கூடாது என்று ஒவ்வொரு வேளையும் "நல்லாருக்கு" என்பார். போன வருடம் நெஞ்சில் சளி கட்டி, அம்மா மடியில் தலை வைத்தபடி அடங்கிவிட்டார்.

நன்றி சொல்ல இரண்டு பேர் இருக்கிறார்கள். எங்களிடம் கேட்காமலே எங்கள் பந்தலுக்கும் தண்ணீர் பாய்ச்சிய பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு நன்றி. கேரளத்துக் குமுளியிலிருந்து வந்து தங்கி அப்பாவைக் குளிப்பாட்டிய நர்ஸ் சேச்சிக்கு நன்றி. "அச்சனுக்கு இன்னைக்கு நல்ல சந்தோஷமாக்கும்" என்று அப்பாவின் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார். வேற்று மாநிலத்துப் பெண்ணுக்கு ஒரே மாதத்தில் தெரிந்தது இது. அறுபது வருடம் கூட இருந்த பங்காளிகளுக்குத் தெரியவில்லை.

சித்தி, உங்களுக்கு நன்றி கிடையாது. இன்று திதி முடிந்ததும் அப்பா படத்துக்குப் பூப்போட வரிசையில் வருவீர்கள். பூத்தட்டு என் கையில்தான் இருக்கும். கேதத்தில் எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்களோ அதே சத்தத்தில், அத்தனை பங்காளிகளுக்கும் கேட்க, "பெரியவுக அன்னைக்கு அழுதாக" என்று சொல்லுங்கள். சொன்னால் பூவைத் தருவேன். சொல்லும்வரை தட்டை நீட்ட மாட்டேன், உங்களுக்குப் பின்னால் வரிசை எவ்வளவு நீளம் நின்றாலும் சரி.

— மகள்